மாதக் கடைசியில் ஒரு லாட்

அந்தத் தெருவில் அவளை லாட்டக்கா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் டீக்கடைக்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். முன்பேரச் சந்தைக் கட்டடத்துக்கு எதிரே, கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஒரு தரகு அலுவலகம். அங்கே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, தலைமுடி கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வரும்வரை ஒரே சரக்குக்கு விலை கேட்டும் விலை சொல்லியும் வந்தவள். சரக்கு, மரபணு மாற்றாத சோயா.

முன்பேரம் என்பது பெரிய மந்திரமொன்றும் இல்லை. இன்னும் விளையாத சரக்குக்கு இன்றைக்கே விலை பேசி வைப்பதுதான். விதைக்கிறவருக்கு, அறுவடையின்போது என்ன கிடைக்கும் என்று ஓர் அடையாளம் வேண்டும். வாங்குகிறவருக்கு, என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு பிடிமானம் வேண்டும். இருவரும் முகம் பாராமல் பேசிக்கொள்கிற இடம் சந்தை. பேச்சின் அளவு லாட். ஒரு லாட் என்றால் ஒரு லாரிச் சரக்கு. அதற்குக் குறைந்து அங்கே வாயைத் திறக்க முடியாது.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் அந்த வரிசையைத் திரையில் புதிதாகச் சேர்த்தார்கள். சாதா சோயா ஒரு வரிசை, மரபணு மாற்றாதது அதற்குக் கீழே ஒரு வரிசை. அலுவலகத்தில் மீசை வைத்தவர்கள் எவரும் அதைச் சீந்தவில்லை. "சின்ன வரிசை, சின்னப் பொண்ணு. நீயே பாத்துக்க," என்று முதலாளி அவள் பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டது நல்லதாகப் போயிற்று. குழந்தைகளுக்கான மாவு செய்கிற கம்பெனிகள் வந்தன. சோயாப்பால் காய்ச்சுகிறவர்கள் வந்தார்கள். மரபணு மாற்றிய விதையில் விளைந்தது தங்கள் உணவில் ஒரு மணிகூடக் கலக்கக் கூடாது என்று நினைக்கிற ஊர்களுக்கு அனுப்புகிறவர்கள் வந்தார்கள். சாதா சோயாவைவிட அதிகம் கொடுத்தார்கள். அந்தக் கூடுதலுக்குத் தெருவில் 'வித்தியாசம்' என்று பெயர். ஒரு காலத்தில் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை கழுத்தைத் திருப்ப நேரமிருக்காது.

அந்த வரிசைதான் அவள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட, மிஞ்சியது அவளும் பள்ளிக்கூடம் போகிற தம்பியும். தம்பியைப் படிக்க வைத்தாள். படிப்பு ஏறவில்லை, நிலத்தின் மேல்தான் ஆசை என்று அவன் சொன்னபோது நிலம் வாங்கிக் கொடுத்தாள். அவனுக்குக் கல்யாணமும் செய்து வைத்தாள். "உங்க கல்யாணம் எப்பக்கா?" என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ளைங்க பொண்ணு பாக்க வர்ற நேரமெல்லாம் சந்தை நேரமா இருக்கு," என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அப்புறம் கேட்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

வரிசையிலும் ஆட்கள் குறைந்தார்கள். வாங்குகிறவர்கள் சந்தைக்கு வருவதை விட்டுவிட்டு, தூர தேசத்து விவசாயிகளிடம் நேராகப் போய், தாங்களே விதை கொடுத்து, தாங்களே வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கடைசி நிறுத்தத்தை நெருங்குகிற பஸ் மாதிரி ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கடைசியில் பஸ்ஸில் இரண்டே பேர் மிச்சம். ஒருத்தி லாட்டக்கா. இன்னொருவர் தொப்பிக்காரர்.

தொப்பிக்காரர் எதிர் மாடியில் இருக்கிற வேறொரு தரகு அலுவலகத்தின் ஆள். வெயிலோ மழையோ, தலையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. வழுக்கையை மறைக்கத்தான் என்று தெருவே சொல்லும். "மறைக்கறதுக்கு இல்ல. வழுக்கை வெளிய போயிடாம புடிச்சு வச்சிருக்கேன்," என்பார் அவர். மனைவி இறந்து பல வருடங்கள். மத்தியானம் இறங்கி டீக்கடைக்கு வருவார். லாட்டக்காவும் வருவாள். நின்றுகொண்டே குடிப்பார்கள். மழையைப் பற்றி, கடைக்காரரின் சர்க்கரைக் கஞ்சத்தனத்தைப் பற்றி, லிஃப்ட் பழுதைப் பற்றிப் பேசுவார்கள். ஒருபோதும் வரிசையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பேசக் கூடாது. ஒரு முழு மாதம் ஒரு பேரமும் நடக்காத வரிசையைத் திரையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது சந்தை விதி. இரண்டு பேர் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு பேரம் நடத்தினால் உரிமம் பறிபோகும், ஜெயில்கூட உண்டு என்பதும் சந்தை விதி. அதற்காகவே தெருவிலிருக்கிற எல்லா அலுவலகத் தொலைபேசிகளிலும் பேச்சு பதிவாகிக்கொண்டிருக்கும். தூக்கினால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும்.

இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் அவர்கள் வரிசையை உயிரோடு வைத்திருந்தார்கள். எப்படித் தொடங்கியது என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. ஒரு மாதக் கடைசி வேலை நாளில், அந்த மாதம் முழுக்க ஒரு பேரமும் இல்லாமல் வரிசை வெறிச்சோடிக் கிடந்தபோது, அவள் ஒரு லாட் விற்பதற்குப் போட்டாள். மூடும் மணி அடிப்பதற்குச் சற்று முன் யாரோ அதை எடுத்தார்கள். யார் என்று திரை சொல்லாது. மறுநாள் டீக்கடையில் தொப்பிக்காரர், "நேத்து வெயில் அதிகம்," என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு லாட் விற்பனைக்கு வந்தது. அவள் எடுத்தாள். போன லாட் திரும்பி வந்த கணக்கு. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, லாபமுமில்லை. "உன் செல்லப்பிள்ளை இன்னும் மூச்சு விடுதா?" என்று முதலாளி கேட்பார். "விடுது சார்." "விடட்டும், விடட்டும். நம்ம கடைக்குத் திருஷ்டி கழிஞ்ச மாதிரி."

மாதக் கடைசிவரை இருவரும் காத்திருப்பார்கள். கடைசி நாளிலும், எடுக்கிறவர் கடைசி நிமிடம்வரை காத்திருப்பார். நிஜமாகவே வாங்க ஒருவர் வந்துவிட்டால் வழிவிட வேண்டுமே. யாரும் வந்ததில்லை. ஆனாலும் வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

என்ன விலைக்கு என்பதிலும் ஒரு மரியாதை இருந்தது. சாதா சோயாவின் அன்றைய விலைக்கு மேலே, நல்ல காலத்தில் என்ன வித்தியாசம் இருந்ததோ அதே வித்தியாசம். இப்போது அப்படிக் கொடுக்க ஒருவருமில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஒருமுறை அவள் கொஞ்சம் குறைத்துப் போடலாமா என்று யோசித்தாள். விரல் போகவில்லை. வழக்கமாக வருகிற விருந்தாளிக்கு ஒரு கரண்டி குறைத்துப் பரிமாறுவது போல இருந்தது. தன்னைப் பற்றி அவர் என்ன நினைப்பார்? தங்களைப் பற்றி அவளே என்ன சொன்னதாக ஆகும்? அவரும் குறைக்கவில்லை. இப்படி அந்த விலை, விலையாக இல்லாமல், இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற நலம் விசாரிப்பாக மாறிப்போயிருந்தது. கடைசிப் பேரத்தின் அந்த வித்தியாசத்தை அன்றன்றைய சாதா விலையோடு கூட்டிச் சந்தை தினமும் வெளியிட்டது. சாயங்காலம் ரேடியோவில் ஒரு குரல் அதை மற்ற விலைகளோடு சேர்த்துப் படித்தது. யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் லாட்டக்கா நினைத்திருந்தாள்.

தம்பி கேட்டுக்கொண்டிருந்தான்.

விதைப்புக் காலம் முடிந்த ஒரு சாயங்காலம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்கு வந்தான். செருப்பில் மண். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"அக்கா, கண்ணை மூடு."

"மூடுனா அடுப்புல இருக்கறது கருகும். சொல்லுடா."

போனை நீட்டினான். படத்தில் கோடு கோடாகப் பச்சை. இரண்டு இலை விட்டிருந்த கன்றுகள், கண்ணுக்கெட்டிய தூரம்.

"சோயா. மாத்தாதது. நம்ம நிலம் பூரா. பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துட்டேன்."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது.

"எப்ப விதைச்சே?"

"முளைச்சப்புறம் காட்டணும்னு இருந்தேன். எப்படி?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"உன்னைக் கேக்காமலா? தினமும் சாயங்காலம் உன்னைத்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்! சாதா சோயா ஒரு நாள் மேல போகுது, ஒரு நாள் குப்புற விழுது, குடிகாரன் நடை. உன்னோடது மட்டும் எப்பவும் அதுக்கு மேல அதே உயரத்துல நிக்குது. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வித்தியாசம் குறையல. அதைவிட நம்பி இறங்கறதுக்கு உலகத்துல ஒண்ணு இருக்காக்கா?"

அவள் அடுப்பை அணைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அவன் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். கொள்முதல் நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டாயிற்று. சரக்கைக் கொண்டுபோய்க் கொட்டுகிற அன்றைக்கு, நிலையத்தில் சந்தை விலைகளைக் காட்டுகிற பலகையில் அந்த வரிசைக்கு என்ன விலையோ அது அவனுக்கு. "வரிசை பலகையில இல்லன்னா சாதா விலைதான்னு ஒரு வரி போட்டிருந்தாங்க. நான் சிரிச்சுட்டேன். எங்கக்கா அந்த நாற்காலியில இருக்குற வரைக்கும் வரிசை இருக்கும்யா, போடுய்யா கையெழுத்தைன்னேன்."

விதைத்ததை மண்ணிலிருந்து பொறுக்கியா எடுக்க முடியும்? அவள் விழுங்கிக்கொண்டாள். "சாப்பிட்டுட்டுப் போ," என்று மட்டும் சொன்னாள். அவன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு கவலை. அவன் சரக்கைக் கொட்டுகிற நாள்வரை அந்த வரிசை பலகையில் இருக்க வேண்டும். நிலையத்துக்காரர்களும் பலகையை நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், வாங்கிய சரக்கை அந்த விலைக்கு அவர்களால் யாரிடமும் தள்ள முடியாது என்பதும் தெரியும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து ஏதாவது வேலை செய்தாள்.

மரபணு மாற்றிய சோயாவுக்குக் களை பிரச்சினையில்லை. மருந்தடித்தால் களை கருகும், சோயா நிமிர்ந்து நிற்கும். மாற்றாத சோயாவுக்கு மருந்தடித்தால் இரண்டும் சேர்ந்து சாகும். கையால்தான் பிடுங்க வேண்டும். லாட்டக்கா விடுமுறை நாள் தவறாமல் பஸ் ஏறிப் போனாள். தம்பியும் தம்பி மனைவியும் ஆளுக்கொரு வரிசையில் குனிந்திருக்க, அவள் மூன்றாவது வரிசையில் குனிந்தாள்.

"அண்ணி, நீங்க நிழல்ல உக்காருங்க. உங்க இடுப்பு உங்க பேச்சைக் கேக்காது."

"சந்தையில உக்காந்து உக்காந்து மடங்கிப்போன இடுப்பு. இப்படியாவது நிமிரட்டும்."

"குனிஞ்சா நிமிருமா? நல்ல வைத்தியம்!" என்று தம்பி மனைவி சிரித்தாள்.

உள்ளங்கை கொப்பளித்து, காய்க்கத் தொடங்கிற்று. டீக்கடையில் கண்ணாடிக் கிளாஸை அவள் விரல் நுனியால் பிடிப்பதைத் தொப்பிக்காரர் பார்த்தார்.

"கையில என்ன?"

"தோட்ட வேலை."

"உங்க வீடு மூணாவது மாடியில்லையா?"

"தொட்டிச் செடிங்க."

"பெரிய தொட்டியா இருக்கும்போல," என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. கடைக்காரரிடம் அவள் டீயை இரண்டு கிளாஸில் மாற்றி மாற்றி ஆற்றித் தரச் சொன்னார்.

மாதங்கள் ஓடின. மாதக் கடைசிதோறும் ஒரு லாட் போனது, ஒரு லாட் வந்தது. காய் பிடித்தது, பழுத்தது, காய்ந்தது. அறுவடை நேரத்தில் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சரக்கை நிலையம் எடுக்காது. மாதம் முடிவதற்குள் கொட்டிவிடலாம் என்றிருந்த தம்பி, பரப்பி உலர்த்தி, புரட்டிப் புரட்டிப் போட்டு, கடைசியில் அடுத்த மாதத் தொடக்கத்துக்குத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. ஆகவே இன்னும் ஒரு மாதக் கடைசியை வரிசை தாண்ட வேண்டும். ஒன்றே ஒன்று. எத்தனையோ தாண்டியிருக்கிறது.

அந்தக் கடைசி நாள் வந்தது. விற்கும் முறை அவளுடையது. வழக்கமான வித்தியாசத்தில் ஒரு லாட் போட்டுவிட்டு மத்தியானம் டீக்கடைக்கு இறங்கினாள். தொப்பிக்காரர் இல்லை. கிளாஸ் காலியான பிறகும் நின்றாள். இன்னொரு டீ வாங்கினாள்.

"தொப்பி இன்னிக்குக் காலையிலேயே எங்கயோ அவசரமா போனாரே. கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, எதையோ பறிகொடுத்தவர் மாதிரி," என்றார் கடைக்காரர். "அவங்க ஆபீஸ்ல ஆளைக் குறைக்கறாங்களாமே?"

மாதக் கடைசியில் அவர் டீக்கடைக்கு வராமல் இருந்ததே இல்லை. அந்த டீதான் கையெழுத்து என்று அவள் மனதில் வைத்திருந்தாள். இரண்டாவது டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடி ஏறினாள்.

திரையில் அவள் போட்ட லாட் தனியாக நின்றது. பக்கத்தில் சாதா சோயா நிமிடத்துக்கு நிமிடம் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் எப்போதும் கடைசியில்தான் எடுப்பார். அது அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் இருந்தது. ஆனால் நாற்காலியே காலியாகிவிட்டிருந்தால்? ஆளையே வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தால்? எதிர் மாடி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. தம்பி.

"அக்கா! லாரி பேசியாச்சு. சரக்கு எப்படி இருக்கு தெரியுமா? கையில எடுத்தா சல்லுனு ஓடுது. மாசம் பொறந்ததும் நிலையத்துல முத லாரி நம்மளது. நீ வரணும், சொல்லிட்டேன். நீ வந்து நின்னாத்தான் நான் கொட்டுவேன்."

"வர்றேன்டா."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வேலையா இருக்கேன். வை."

கைபேசியை வைத்த கை மேஜைத் தொலைபேசியைத் தூக்கியது. அவள் தூக்கினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. எண் விரலிலேயே இருந்தது. மணி போனது. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ." கனத்த, அடைத்த குரல். அவர்தான். நாற்காலியில்தான் இருக்கிறார். அங்கேயே அவள் வைத்திருக்கலாம்.

"நான்தாங்க, எதிர் மாடி. ஒரு லாட் போட்டிருக்கேன். எப்பவும் போல எடுத்துடுங்க. இந்த ஒரு மாசம் மட்டும் விட்டுடாதீங்க. என் தம்பி இந்த விலையை நம்பி விதைச்சிருக்கான்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அது மிக நெருக்கமாக இருந்தது, டீக்கடையில் பக்கத்தில் நிற்பது போல.

"தப்பான நம்பர்மா," என்றது அந்தக் குரல். வைத்துவிட்டது.

அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். அடியில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அவளை 'வாங்க, போங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார். யாரோ தெரியாத பெண்ணிடம் சொல்வதுபோல ஒரு 'மா'. அவளுக்கு முதலில் முகத்தில் அறைந்தது போல இருந்தது. திரையைப் பார்த்தாள். லாட் நின்றது. நின்றது. மூடும் மணி அடித்தபோதும் நின்றுகொண்டிருந்தது.

"என்ன, செல்லப்பிள்ளைக்கு இன்னிக்கு யாரும் சோறு வைக்கலையா?" என்று தன் அறையிலிருந்து வந்த முதலாளி, அவள் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த வேலை நாளில் திரையில் அந்த வரிசை இல்லை. கீழே இருந்த வரிசைகள் ஒரு படி மேலே ஏறியிருந்தன. வெற்றிடம்கூட விடவில்லை.

கொள்முதல் நிலையத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது தம்பியின் லாரிகள் எடைமேடையைத் தாண்டி நின்றன. தம்பி மனைவி தலையில் துணியைப் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். பரிசோதிக்கிறவர் லாரியின் மேல் ஏறி நீளமான குழாயைச் சரக்குக்குள் குத்தி மாதிரி எடுத்தார். அரைத்து, தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்தார். மாற்றியது கலந்திருந்தால் இரண்டு கோடு விழும். ஒன்றுதான் விழுந்தது. பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சுத்தம்னா இது சுத்தம்யா. இந்த வருஷம் இப்படி ஒண்ணை நான் பாக்கல."

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அப்படியே சிரித்த முகத்தோடு ஜன்னலுக்குப் போனான். உள்ளே பலகை. கொஞ்ச நேரம் அதன் முன் நின்றான். பிறகு மெதுவாக நடந்து அவளிடம் வந்தான்.

"பலகையில நம்ம வரிசை இல்லையேக்கா. மிஷின் கோளாறா?"

"கோளாறு இல்லடா. எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்கன்னா? அதெப்படி எடுப்பாங்க? போன வாரம்வரை ரேடியோல படிச்சாங்களே."

"போன மாசம் யாரும் வாங்கல. யாரும் வாங்கலன்னா எடுத்துடுவாங்க."

"அப்ப முன்னாடியெல்லாம் வாங்குனவங்க?"

அவள் கண்ணை அவன் முகத்திலிருந்து எடுக்காமல் சொன்னாள். இதையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று இருந்தது. "வாங்குனவங்கன்னு யாரும் இல்லடா. நான் ஒரு லாட் போடுவேன். இன்னொரு ஆபீஸ்ல ஒருத்தர் எடுப்பார். அடுத்த மாசம் அவர் போடுவார், நான் எடுப்பேன். அவ்வளவுதான் அந்த விலை. பல வருஷமா அவ்வளவுதான்."

முதலில் அவன் சிரித்தான். அக்கா வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பான். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"உனக்கு... நான் படத்தைக் காட்டினப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"களை புடுங்க வந்தப்பவும்?"

"ம்."

அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். "அப்ப நாம புடுங்குனது யாருக்குக்கா?"

பின்னால் ஹாரன் அடித்தது. சாதா சோயா ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. ஜன்னலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "கொட்டறீங்களா, ஓரம் கட்டறீங்களா? பின்னாடி வண்டி நிக்குதுங்க," என்றார். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் வைக்க இடமில்லை. குத்தகைப் பணத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர் காத்திருக்கிறார். தம்பி கையை உயர்த்தி ஓட்டுநருக்குச் சைகை காட்டினான்.

லாரியின் பெட்டி பின்பக்கமாகச் சாய்ந்தது. கீழே இரும்புக் கம்பி போட்ட பெரிய குழி, எல்லாருக்கும் பொதுவானது. அவர்கள் ஒவ்வொரு களையாகப் பிடுங்கிக் காப்பாற்றிய சோயா, சல்லென்று, அவன் போனில் சொன்ன அதே சத்தத்தோடு, கம்பிகளுக்கிடையே இறங்கியது. ஏற்கெனவே உள்ளே கிடந்ததோடு கலந்தது. ஒரே நிறம், ஒரே அளவு. இனி எவராலும் பிரிக்க முடியாது. தம்பி மனைவி எழுந்து வந்து குழியின் விளிம்பில் சிதறியிருந்த சில மணிகளைக் குனிந்து பொறுக்கினாள். பொறுக்கி என்ன செய்வதென்று தெரியாமல், சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அவளும் அதைக் குழியிலேயே போட்டாள்.

"நீங்க பஸ்ஸுக்குக் கிளம்புங்கக்கா. இருட்டுறதுக்குள்ள போயிடலாம்," என்றான் தம்பி. அவன் கோபப்படவில்லை. பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான், டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டான், ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டதைப் பற்றியோ, பக்கத்து நிலத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் திரும்பும்போது அவள் பார்த்தாள். அவன் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தான்.

அதன்பின் அவள் டீக்கடைக்கு இறங்கவில்லை. மேலேயே தண்ணீர் குடித்துக்கொண்டாள். எதிர் மாடிப் பக்கம் திரும்பாமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். தப்பான நம்பராம். ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டேனே, ஒரே ஒரு லாட் என்று மனதுக்குள் சண்டை போட்டாள். அவருக்கு வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான் மனுஷன் என்று முடிவு கட்டினாள். அந்த முடிவில் ஓரளவு தூக்கம் வந்தது.

சந்தைக் கண்காணிப்பிலிருந்து ஒருவர் வந்து தொலைபேசிப் பதிவுகளை வாங்கிக்கொண்டு போனார். வழக்கமான பரிசோதனை. சில நாள் கழித்து முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"நம்ம போன்ல நீ ஏதோ தம்பி, விதைன்னு பேசியிருக்கியாம். ரொம்பத் துருவினாங்க. எதிர்ப்பக்கம் தப்பான நம்பர்னு வச்சுட்டாங்க, அன்னிக்கு அந்த லாட்டும் போகல. அதனால ஒண்ணுமில்லன்னு மூடிட்டாங்க. அது மட்டும் போயிருந்தா..." முதலாளி கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "உனக்கும் ஜெயில், எனக்கும் ஜெயில். என்ன நினைச்சுக்கிட்டு அந்த போன்ல பேசினே?"

அவள் தன் நாற்காலிக்கு வந்தாள். உட்காரவில்லை. படியிறங்கினாள்.

டீக்கடையில் தொப்பிக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கக் கன்னம் லேசாக ஒட்டிப்போயிருந்தது. அவளைப் பார்த்ததும் கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டினார். டீ வந்தது. இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

"பல்லு," என்றார் அவர். "கடைவாய்ப் பல்லு. அன்னிக்குத் தாங்க முடியல. போய்ப் புடுங்கிட்டு வந்தேன். அதான் மத்தியானம் கீழ இறங்கல." ஒரு வாய் குடித்தார். "மூடறதுக்கு ரொம்ப முன்னாடியே சீட்டுக்கு வந்துட்டேன். வாயில பஞ்சு வச்சுக்கிட்டு, திரையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எப்பவும் போல."

லாட்டக்கா கிளாஸை இறுகப் பிடித்தாள். சூடு உறைக்கவில்லை, உள்ளங்கை அப்படிக் காய்த்திருந்தது.

அவள் தொலைபேசியைத் தூக்காமல் இருந்திருந்தால் போதும். சும்மா இருந்திருந்தால் போதும். இத்தனை வருடம் சும்மா இருந்தவள்தானே.

"எனக்கு அந்த போனை எடுக்கணும்னு ஒண்ணுமில்ல," என்றார் அவர். "மணி அடிச்சுது, எடுத்துட்டேன்." கம்பளித் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டார். "தொட்டிச் செடியெல்லாம் என்ன ஆச்சு?"

"எல்லாம் வந்துச்சு," என்றாள் அவள். "நல்லா வந்துச்சு. கொட்டியாச்சு."

அவர் தலையை ஆட்டினார். தெருவில் ஒரு கைவண்டி கயிற்றுச் சுருள்களோடு போனது. அது திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதி டீயை அவர் பல் இருக்கிற பக்கமாக ஒதுக்கி, மெதுவாக விழுங்கினார்.